முருங்கைக் கிளையில் மாப்பிள்ளை

வேதா எதையும் மறக்கவில்லை. கூடைக்குள் மணல் கொட்டிப் பரப்பினாள். மணல்மேல் வைக்கோல். இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று யாரோ சொல்லியிருந்ததால் இரண்டு கரித்துண்டும் ஒரு இரும்பு ஆணியும் வைத்தாள். கண் படாமலிருக்க ஒரு காய்ந்த மிளகாய். முட்டைகளை வட்டமாக அடுக்கினாள். செவலைக் கோழியைத் தூக்கி அதன்மேல் விட்டாள். செவலை உடம்பைத் தளர்த்தி, வெளியே தெரிந்த முட்டைகளை அலகால் உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தது.

காலண்டரில் வட்டம் போட்டிருந்த தேதி வந்தது. போனது. குஞ்சு வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் கூடைக்குள் ஒரு முட்டை வெடித்தது. நாற்றம் வாசல் கேட்டைத் தாண்டிப் போயிற்று.

அந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் வந்தாள். கூடைக்குள் கைவிட்டு ஒரு முட்டையை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.

"தளதளன்னுது. கூமுட்ட," என்றாள். "எந்தச் சேவல் மிதிச்சது?"

வேதாவுக்குக் காது சூடாயிற்று. அவள் வளர்ந்த வீட்டில் இப்படி யாரும் கேட்டதில்லை. சேவல் எதுவும் இல்லை என்றாள்.

அஞ்சம்மாள் முட்டையைக் கீழே வைத்தாள்.

"சேவலே இல்லாம அடை வச்சியா?"

"முட்டை போட்டுதே அக்கா."

"முட்ட போடும். அத்த தோசைக் கல்லுல ஊத்தலாம். குஞ்சு எப்டிம்மா வரும், மணியார்டர்லயா?"

அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையில் கிடந்த ஆணியைப் பார்த்து மறுபடியும் சிரித்தாள். வேதா கரித்துண்டை மறக்கவில்லை. மிளகாயை மறக்கவில்லை. சேவல் மட்டும்தான் மறந்துபோயிருந்தது.

முழுப் பழியும் அவளுடையதல்ல. அவள் பிறந்து வளர்ந்தது நகரத்தில், மூன்றாவது மாடியில். பி.காம். படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் கணவன் சத்தியநாதன் மேடவாக்கத்தில் பிளாட் வாங்கி ஒரு ஹாலும் ஒரு அறையும் கட்டினான். பின்பக்கம் கொஞ்சம் மண்தரை மிஞ்சியது. அந்த மண்ணைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குக் கோழி வளர்க்க வேண்டும். ஏன் என்று கேட்டால், மூன்றாவது மாடியில் முடியாது என்பதைத் தவிர அவளிடம் பதில் கிடையாது.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஐந்து கோழி வாங்கினார்கள். ஐந்தும் பெட்டை. அது சத்தியநாதன் போட்ட நிபந்தனை. அவனுக்கு டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ராத்திரி டியூட்டி. விடிய விடிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதுரைக்கும் பம்பாய்க்கும் லைன் கொடுத்துவிட்டு, முதல் ரயிலில் தாம்பரம் வந்து, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து படுப்பான். தூக்கத்திலும் சில சமயம், "சொல்லுங்க, எந்த ஊரு வேணும்?" என்பான். சேவல் கூடாது என்பதற்கு அவன் சொன்ன காரணம் எளிமையானது. காது ராத்திரி முழுக்க வேலை செய்கிறது, பகலில் அதற்கு லீவு வேண்டும்.

ஐந்தில் ஒன்றைக் கீரி கொண்டுபோயிற்று. ஒன்றை நாய். இன்னொன்று ஒரு சாயங்காலம் பள்ளிக்கரணைச் சதுப்புப் பக்கமாக மேயப் போனது, திரும்பவில்லை. மிச்சம் செவலையும் கருப்பியும்.

சேவல் இல்லையே தவிர, சேவல் சத்தம் இருந்தது. அஞ்சம்மாளின் சேவல். சிவந்த கழுத்து, பச்சை மின்னும் வால், நடையில் ஒரு கவுன்சிலர் தோரணை. சத்தியநாதன் படுக்கிற நேரம் பார்த்து காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி, ஜன்னலைப் பார்த்துக் கூவும். அவன் எழுந்து வந்து விரட்டுவான். அது இறங்கிப்போய், அவன் படுத்ததும் திரும்ப வரும். கடைசியில் அவன் உடைந்த சோடா பாட்டில்களைக் கொண்டுவந்து, சுவர்மேல் சிமென்ட் வைத்து நெடுகக் கண்ணாடிச் சில்லு பதித்தான்.

மறுநாள் சேவல் பழக்கத்தில் தாவியது. காலைக் கிழித்துக்கொண்டது. அஞ்சம்மாள் மஞ்சள் வைத்துத் துணி கட்டினாள். அதன்பிறகு சேவல் சுவர்ப்பக்கம் வரவில்லை. அவள் வீட்டு முருங்கை மரத்தில் ஏறி, ஒரு கிளையில் நின்று கூவியது. அந்தக் கிளை சுவரைவிட உயரம். சத்தம் முன்னைவிட நேராக ஜன்னலுக்கு வந்தது.

கூமுட்டைச் சம்பவத்துக்குப் பிறகு சத்தியநாதன் ஒரு முடிவுக்கு வந்தான். பின்பக்கத்தைச் சிமென்ட் பூசிவிடலாம். மழைக்காலத்தில் சேறு இருக்காது, நாற்றம் இருக்காது, கோழியும் இருக்காது. கொத்தனார் வந்து அளந்துவிட்டுப் போனார். ஒரு லோடு மணலும் வந்து இறங்கியது. அந்த மணலில் முதலில் குளித்தவை செவலையும் கருப்பியும். குழி பறித்துப் படுத்து, மணலை வாரி முதுகில் போட்டுக்கொண்டன.

வேதா அன்று சாப்பாடு போட்டாள். மோர் ஊற்றும்போது ஒரே ஒரு தடவை கேட்டாள். இன்னொரு அடை. ஒரே ஒரு தடவை.

சத்தியநாதன் யூனியன்காரன். எதையும் ஷரத்து ஷரத்தாகப் பேசித்தான் பழக்கம். ஆவணி பிறப்பதற்குள் குஞ்சு வந்தால் பின்பக்கம் கோழிக்கு. வராவிட்டால் சிமென்ட். சேவல் வாங்கக் கூடாது. சரியா என்றான். வேதா சரி என்றாள். அப்போது வைகாசி கடைசி.

சேவல் வாங்கக் கூடாதே தவிர, சேவலிடம் போகக் கூடாது என்று ஷரத்து இல்லை. மறுநாள் வேதா இரண்டு கோழிகளையும் கூடையில் போட்டு மூடிக்கொண்டு அஞ்சம்மாள் வீட்டுக்குப் போனாள்.

இந்தப் பக்கம் இருக்கிற பிளாட்டெல்லாம் ஒரு காலத்தில் அஞ்சம்மாளின் கணவர் முனிரத்தினத்தின் வேர்க்கடலைக் காடு. விற்றது போக வைத்துக்கொண்ட இடத்தில் மாடி வீடு கட்டி மொசைக் போட்டிருந்தார்கள். வேதாவின் மொத்த வீடும் அவர்களுடைய ஹாலுக்குள் அடங்கும். அஞ்சம்மாள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. ஆனால் வேதா வந்து நிற்கும்போது ஊஞ்சலை விட்டு எழுந்ததும் இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் அஞ்சம்மாளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. மூன்று பெண்களையும் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்டு, செய்யச் சம்பந்தம் எதுவும் மிச்சமில்லாமல் இருந்தவள் அவள்.

"அப்ப பொண்ணு இட்டாந்துகீற," என்றாள். "கூடையத் தெற. மொகத்தப் பாக்கலாம்."

செவலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருப்பி நிறம் கம்மிதான், பரவாயில்லை என்றாள். பொருத்தம் பார்க்க வேண்டாமா என்று கேட்டாள். வேதாவும் சிரித்துக்கொண்டே, பையனுக்கு வேலை என்ன என்று கேட்டாள். கூவுற வேலை, பெர்மனன்ட் என்றாள் அஞ்சம்மாள்.

கோழிகளைக் கொல்லையில் விட்டார்கள். விட்டதுதான் தாமதம், அஞ்சம்மாளின் நான்கு பெட்டைகளும் ஓடி வந்தன. செவலையைச் சுவரோரம் தள்ளிக் கொத்தின. கருப்பியின் கொண்டையில் ரத்தம் வந்துவிட்டது. சேவல் எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்தது. வேதா உள்ளே புகுந்து இரண்டையும் தூக்கிக் கூடையில் போடுவதற்குள் அவள் புறங்கையிலும் ஒரு கொத்து விழுந்தது.

"நாத்தனாருங்க நாலு பேரு," என்றாள் அஞ்சம்மாள், ஏதோ தான் பட்டதையும் நினைத்துக்கொண்ட மாதிரி. "பொண்ணு இங்க வாழாது. இட்டுகினு போ."

அப்படியானால் சேவல் அங்கே வரட்டும் என்றாள் வேதா. பகலில் மட்டும். சாயங்காலம் தானே கொண்டுவந்து விடுவதாகச் சொன்னாள்.

அஞ்சம்மாள் ஊஞ்சலில் போய் உட்கார்ந்தாள். காலால் தரையை உந்தி இரண்டு ஆட்டம் ஆடினாள். சிரிப்பு போயிருந்தது, அல்லது போன மாதிரி வைத்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரரு இன்னா பண்ணாரு? கண்ணாடி வச்சி கால அறுத்தாரு. எந்த மாமனாராவது மாப்ள கால அறுப்பானா? அந்த வூட்டுக்கு நானா அனுப்ப மாட்டேன். அவரே தட்டு எடுத்துகினு வரட்டும். வெத்தல பாக்கு வச்சி கூப்புடட்டும். அப்பால பாக்கலாம்."

"அக்கா, வெளையாடாதீங்க."

"நா இன்னா வெளையாடறேன்? மாப்ள வூடுன்னா அப்டித்தான் இருக்கும். எங்கள இன்னா படுத்துனானுங்கோ தெரியுமா, மூணு சம்பந்திங்களும்."

வேதா வீட்டுக்கு வந்து கருப்பியின் கொண்டைக்கு மஞ்சள் வைத்தாள். சத்தியநாதன் எழுந்து காபி குடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

அவன் முதலில் புரியவில்லை என்றான். புரிந்ததும், அந்த அம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது என்றான். டெலிபோன் டிபார்ட்மென்டில் பத்து வருஷம் சர்வீஸ் போட்டவன் ஒரு சேவலுக்கு வெற்றிலை பாக்கு வைப்பதா என்றான்.

"கண்ணாடி யார் வச்சது?" என்றாள் வேதா.

"நான்தான்."

"சேவல் வர்ற வழிய அடைச்சுட்டு, குஞ்சு வரலைன்னா சிமென்ட்னு சொல்றீங்க. உங்க மேனேஜ்மென்ட் இப்படிப் பண்ணினா நீங்க சும்மா இருப்பீங்களா?"

சத்தியநாதன் காபி டம்ளரைப் பார்த்தான். நியாயம் என்று ஒன்று பட்டுவிட்டால் அதற்குப் பிறகு அவனால் தூங்க முடியாது. இரண்டு நாள் டியூட்டிக்குப் போய்வந்தான். வார லீவு அன்று காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு, தட்டு எங்கே என்றான்.

வேதா எவர்சில்வர் தட்டில் வெற்றிலை, பாக்கு, இரண்டு வாழைப்பழம், ஒரு பிடி கம்பு வைத்துக் கொடுத்தாள். தெருவில் யாராவது பார்ப்பார்களோ என்று அவன் தட்டின்மேல் பேப்பரைப் போட்டு மூடிக்கொண்டான். வேதா பின்னாலேயே போனாள்.

அஞ்சம்மாள் தயாராக இருந்தாள். ஹாலில் சாக்கு விரித்து, அதன்மேல் சேவலைக் கயிறு போட்டு ஊஞ்சல் காலில் கட்டியிருந்தாள். பட்டுப்புடவை இல்லை என்பதுதான் குறை. முனிரத்தினம் ஒரு மூலையில் தினசரிக்குப் பின்னால் இருந்தார்.

"வாங்கோ சார். இன்னா விசயம்?"

சத்தியநாதன் தட்டை நீட்டினான். வேதா வந்து கேட்டதாகவும் அது சம்பந்தமாக வந்திருப்பதாகவும் சொன்னான்.

"யார கூப்புட வந்துகீறீங்கோ?"

"உங்க சேவலை."

"சேவலையா?"

வேதா தரையைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. சத்தியநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டான். வேறு குரல் வந்தது. ராத்திரி முழுக்க ஊர் பேர் தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பேசுகிற குரல்.

"மாப்பிள்ளையை அழைச்சுட்டுப் போக வந்திருக்கோம். தயவுசெய்து அனுப்பி வைக்கணும்."

தினசரிக்குப் பின்னாலிருந்து முனிரத்தினத்தின் குரல் வந்தது. "வேட்டி வாங்கியாந்தாங்களா கேளு."

அஞ்சம்மாளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஊஞ்சல் சங்கிலி குலுங்கச் சிரித்தாள். தட்டை வாங்கிக்கொண்டு, கம்பை எடுத்துச் சேவல் முன்னால் போட்டாள். சேவல் கம்பைத் தின்றது. சம்மதம்தான் என்றாள். பொறக்கிறதில் ஒரு குஞ்சு தனக்கு என்று ஒரு ஷரத்து மட்டும் போட்டாள். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கேட் வழியாக அவளே கொண்டுவந்து விட்டாள்.

அன்றைக்கே சேவல் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. வேதா பார்க்காத மாதிரி துணி காயப் போட்டாள். சாயங்காலம் தூக்கிக்கொண்டு போனால் கையில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் அஞ்சம்மாளே, அங்கேயே கிடக்கட்டும், வீட்டோட மாப்பிள்ளையாக ஆகிவிட்டான் என்று கையை விரித்துவிட்டாள். ராத்திரியில் சேவலும் கோழிகளும் பழைய மரப்பெட்டிக்குள் ஒன்றாக அடைந்தன.

ஒரு வாரம் போயிருக்கும். சத்தியநாதன் மத்தியானம் எழுந்து வந்து, முகத்தில் தூக்கத்தின் வீக்கத்தோடு முருங்கை மரத்தைப் பார்த்தான்.

"அந்தச் சேவல் செத்துப்போச்சா? சத்தத்தையே காணோம்."

"உங்க காலடியில நிக்குது," என்றாள் வேதா.

அது மணலில் ஒரு புழுவைக் கண்டுபிடித்து, தான் தின்னாமல், மெல்லிய குரலில் கருப்பியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. விடியற்காலையில் இரண்டு தடவை கூவும். சத்தியநாதன் அப்போது வீட்டில் இருப்பதில்லை. அவன் வந்து படுக்கிற நேரத்தில் அதற்குக் கூவக் காரணம் இல்லை. சத்தியநாதன் சேவலையே பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை மாதமாக அது சுவர்மேல் நின்று தன் ஜன்னலைப் பார்த்துக் கூவியதாக அவன் நினைத்திருந்தான். ஜன்னலுக்கு நேர் கீழேதான் கோழிப்பெட்டி இருந்தது.

ஆனி நடுவில் முட்டைகள் சேர்ந்தன. இந்தத் தடவை அடைக்கு உட்கார்ந்தது கருப்பி. மணல், வைக்கோல், கரி, ஆணி, மிளகாய் எல்லாம் மறுபடியும் வைத்தாள் வேதா. ஒரு வாரம் கழித்து டார்ச் விளக்கில் ஒரு முட்டையை வைத்துப் பார்த்தாள். சிவப்பு நரம்புகள் படர்ந்திருந்தன. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. அவள் விளக்கை அணைத்துவிட்டாள். முழுதாகப் பார்ப்பது முறையில்லை என்று பட்டது.

ஆடி பிறப்பதற்கு முந்தின நாள் அஞ்சம்மாள் வந்தாள். தட்டில் கொஞ்சம் அச்சுவெல்லம் வைத்து எடுத்து வந்திருந்தாள். வேதாவுக்கு அப்போதே சந்தேகம்.

"நாளிக்கு ஆடி. புதுசா கட்னதுங்கள பிரிச்சி வைக்கணும். இட்டுகினு போறேன்."

"அக்கா, கோழிக்கு ஏது ஆடி?"

"கோழிக்கு வெத்தல பாக்கு மட்டும் உண்டா?" என்றாள் அஞ்சம்மாள். சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் சத்தியநாதன் வந்து படுத்தபோது சேவல் முருங்கைக் கிளையில் இருந்தது. கூவியது. இதுவரை கூவியதெல்லாம் ஒத்திகை. கண்ணாடிச் சில்லுக்கு அந்தப் பக்கம் நின்று, கழுத்தை நீட்டி, மூச்சு முட்டக் கூவியது. கீழே செவலை பதில் சொன்னது. கூடைக்குள்ளிருந்து கருப்பியும் ஒரு முனகல் முனகியது. சத்தியநாதன் தலையணையைக் காதில் அழுத்தினான். பஞ்சு வைத்தான். தூக்கம் கொஞ்சம் பிடித்தபோது, "சொல்லுங்க, எந்த ஊரு வேணும்?" என்று அவன் கேட்டதும் சேவல் பதில் சொன்னதும் வேதாவின் காதில் விழுந்தது.

இப்படி ஒரு வாரம். அவன் கண் சிவந்துபோயிற்று. டியூட்டியில் சேலத்துக்குக் கேட்டவருக்குச் சிலிகுரியைக் கொடுத்துவிட்டான். அஞ்சம்மாளிடம் ஆள் அனுப்பாமல், தட்டில்லாமல், யாரும் சொல்லாமல், தானே போய்க் கேட்டான். ஆடி முடியட்டும் சார் என்றாள் அவள். ஊர் வழக்கம், தான் ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள். அவன் திரும்பி வந்தபோது, வேதா கூடையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். தூக்கம் போன ஆத்திரத்தில் ஆவணிவரை பொறுக்காமல் கொத்தனாரைக் கூப்பிட்டுவிடுவானோ என்று அவளுக்குப் பயம்.

அவன் கோழிகளைப் பார்க்கவில்லை. ஸ்டூலையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு சுவரோரம் போனான். லுங்கியை மடித்துக் கட்டி, ஸ்டூலில் ஏறி, பச்சைச் சில்லுகளை ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்க ஆரம்பித்தான். கையில் ஒரு இடத்தில் கிழித்துக்கொண்டான். துடைத்துவிட்டு அடுத்ததைத் தட்டினான். கிளையில் சேவல் கூவுவதை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துப் பார்த்தது.

அஞ்சம்மாள் மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஆடி இன்னும் முடியலியே சார்."

"வழியத்தான் சரி பண்றேன். வர்றதும் வராததும் அவரு இஷ்டம்."

அஞ்சம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வந்துவிட்டார். கிளையிலிருந்து சுவருக்கு ஒரு தாவல். காலை ஒருமுறை தூக்கி, தரையைச் சோதிப்பதுபோல் வைத்துப் பார்த்தார். பிறகு மணற்குவியலில் இறங்கினார். செவலை ஓடி வந்தது. சத்தியநாதன் சில்லுகளை வாளியில் அள்ளி ஓரமாக வைத்துவிட்டு, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தான். விளக்கு வைத்த பிறகுதான் எழுந்தான். டியூட்டிக்கு லேட்.

ஆடி பத்தாம் தேதி கருப்பியின் இறகுக்கடியிலிருந்து ஒரு சின்ன அலகு வெளியே வந்தது. சாயங்காலத்துக்குள் ஏழு. ஈரம் காய்ந்ததும் மஞ்சளும் கறுப்புமாக உருண்டன. வேதா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சத்தியநாதனும் ஒன்றை வாங்கிப் பார்த்தான். எடையே இல்லை என்றான். அஞ்சம்மாள் வந்து, தன் பங்குக் குஞ்சுக்கு விரலால் மை வைத்து அடையாளம் போட்டாள். தாயோடு இருக்கட்டும், அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றாள். ஆடி மீறப்பட்டது பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆவணி பிறந்ததும், சொன்ன சொல் தவறாமல், கொத்தனார் சட்டியும் கரணையுமாக வந்து நின்றார். மணற்குவியல் பாதியாகக் குறைந்து வாசல்வரை சிதறிக் கிடந்தது. உச்சியில் கருப்பியும் குஞ்சுகளும் குளித்துக்கொண்டிருந்தன. எங்கே பூசுவது என்று கேட்டார். வேதா படுக்கையறை ஜன்னலைப் பார்த்தாள்.

உள்ளேயிருந்து சத்தியநாதன் கண்ணைத் திறக்காமலே பேசினான்.

"சுவர் மேல பூசுங்க. கண்ணாடி எடுத்த எடம் குத்தும்."

"வழவழன்னு இழுத்துடவா சார்?"

"வேணாம். சொரசொரப்பா விடுங்க. கால் வழுக்கும்."